ஆளில்லா ஸ்டெல்த் விமானம்: இரண்டு புரோட்டோடைப் (சோதனை முன்மாதிரி) படங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது எப்படி

பெங்களூரு பீன்யாவில் விமானத்துக்கு ஷீட் மெட்டல் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் 26 வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். இப்போது முருகேஷ்பாளையாவில் வீட்டோடு இருக்கிறேன். மாடியில் துணி காயப்போடும்போது பழைய ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பும் விமானத்தின் அடிவயிறு தெரிந்தால், இன்றைக்கும் கை நின்றுவிடும்.

போன மாதம் அண்ணன் மகன் போனில் இரண்டு படம் கொண்டுவந்தான். இரண்டும் ரஷ்யாவின் எஸ்-70 ஒகோட்னிக், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காதபடி (ஸ்டெல்த்) செய்த ஆளில்லா விமானம். "அத்தை, ரெண்டும் ஒரே விமானம்தானே? எதுக்கு ரெண்டு தடவை அறிமுகம் பண்ணாங்க?" என்றான். நோட்டை எடுத்துக்கொண்டு வா என்றேன். அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: எந்த இடம், முன்பு எப்படி, இப்போது எப்படி, அந்த மாற்றத்தை யார் கேட்டார்கள். பட்டறை டிராயிங்கின் ஓரத்தில் ரிவிஷன் கட்டம் ஒன்று இருக்கும். என்ன மாறியது, எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். விமானத்தின் போட்டோவுக்கு அந்தக் கட்டம் கிடையாது, அதை நீங்கள்தான் போட வேண்டும்.

வடிவத்தைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள். இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். ஒருமுறை சுவரில் மாட்டியிருந்த டிராயிங்கை யாரும் மாற்றவில்லை. ரிவிஷன் 'பி' வந்து பத்து நாள் ஆகியும் 'ஏ'-வை வைத்தே 40 பிராக்கெட் அடித்துவிட்டார்கள். நானும் 'ஏ'-வை வைத்தே அளந்து பாஸ் செய்தேன். அத்தனையும் ஸ்கிராப்புக்குப் போயிற்று. அதிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் என் கண் முதலில் மூலையில் இருக்கும் தேதிக்குத்தான் போகும். போட்டோவுக்கும் அதே பழக்கம் வேண்டும். எந்த வருஷம் எடுத்தது, பறந்த விமானமா, காட்சிக்கு வைத்ததா? சீனாவின் ஆளில்லா ஸ்டெல்த் விமானம் ஜிஜே-11 இதற்கு நல்ல உதாரணம். அந்த வகையின் முதல் விமானம் பறந்தது 2013 நவம்பரில். எஞ்சின் வாயை (பின்னால் புகை வெளியேறும் இடத்தை) உள்ளே மறைத்த புதிய உருவத்தை உலகம் பார்த்தது 2019 அக்டோபர் 1 அணிவகுப்பில், லாரி மேல். லாரியில் வந்ததை வைத்து வடிவத்தைப் பேசலாம், பறக்கும் திறனைப் பேசக் கூடாது.

அடுத்தது அளவுகோல். ஒரு படம் கிட்டே நின்று எடுத்தது, இன்னொன்று தூரத்திலிருந்து லென்ஸில் இழுத்தது என்றால் இறக்கை நீண்டதுபோலத் தெரியும். ஒரே கோணத்தில் எடுத்த ஜோடியைத் தேடுங்கள். கிடைத்ததும் பிரிண்ட் போட்டு, மேலே பட்டர் பேப்பர் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஓரக்கோட்டை வரையுங்கள். பின்பக்கச் சக்கரத்தை ஓர் அலகாக வைத்து, உடல் எத்தனை சக்கர நீளம், இறக்கை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டிலும் ஒரே சக்கரம்தானா என்று நடுவிலுள்ள போல்ட்டுகளை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். அது மாறியிருந்தால் எடை மாறியிருக்கலாம் என்பதே ஒரு செய்தி.

இனி விமானத்துக்கு வருவோம். எல்லாரும் மூக்கிலிருந்து பார்ப்பார்கள், நீங்கள் வால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒகோட்னிக்கின் முதல் விமானம் 2019 ஆகஸ்ட் 3-ல் பறந்தபோது பின்னால் எஞ்சின் வாய் உருண்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பர் 14-ல் நோவோசிபிர்ஸ்க் ஆலையிலிருந்து வெளியே வந்த இரண்டாவதில் அந்த வாய் தட்டையாகி, உடலுக்குள் அடங்கிவிட்டது. என் அண்ணன் மகன், "அழகா ஆக்கிட்டாங்க" என்றான். அழகுக்காக யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள்.

சமையலறையில் 15 கிலோ எண்ணெய் டின் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தட்டையான பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் 'டப்' என்று உள்ளே போய்த் திரும்பி வரும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பக்கங்களில் வரிவரியாகப் பள்ளம் அழுத்தியிருப்பார்கள். அதே கனத் தகட்டில் செய்த உருண்டை டப்பாவை அமுக்குங்கள், அசையாது. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் உருண்டை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கும். தட்டையானது உப்பி உருண்டையாகப் பார்க்கும். எஞ்சினிலிருந்து வரும் வாயு நெருப்புச் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில் தட்டை வாய் உப்பாமல் நிற்க தகட்டைக் கனமாக்க வேண்டும், உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். எடை ஏறும், தள்ளுவிசையும் கொஞ்சம் குறையும். இத்தனை நஷ்டத்துக்கும் கிடைக்கும் லாபம்: பின்னாலிருந்து வரும் ரேடார் அலைக்கு எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் நேராகத் தெரியாது. புகையும் பட்டையாக விரிந்து குளிர்காற்றோடு சீக்கிரம் கலப்பதால், வெப்பத்தைத் தேடிவரும் கருவிக்குப் பிடி குறையும்.

ஆக, முதல் விமானத்துக்கு 'பறக்குமா' என்ற கேள்வி. அதற்குத் தெரிந்த உருண்டை வாய் போதும். இரண்டாவதுக்கு 'ஒளியுமா' என்ற கேள்வி. நான்காவது பத்தியில் 'ரேடார்காரர்கள், வெப்பம் பார்ப்பவர்கள்' என்று எழுதச் சொன்னேன்.

அடுத்து, மாற்றம் போலத் தெரிந்தும் மாற்றம் இல்லாதவற்றை ஒதுக்குங்கள். முதல் விமானங்களின் மூக்கில் ஈட்டிபோல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அது காற்றின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கச் சோதனைக்காக மாட்டியது. வெளியே தெரியும் ஆன்டெனாக்களிலும் பல அப்படித்தான். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்துவிடுவார்கள். ஆள் ஓட்டியதுதான் என்றாலும், அமெரிக்காவின் ஹேவ் புளூ என்ற ஸ்டெல்த் சோதனை விமான ஜோடி இதை நன்றாகக் காட்டும். 1977 டிசம்பரில் பறந்த முதலாவது, பறக்கும் குணத்தைப் பார்க்க. அதில் மூக்குக் குழாய் உண்டு. ரேடார் சோதனைக்கென்று செய்த இரண்டாவதில் அது இல்லை. அந்தத் திட்டத்தில் மூன்று ஸ்குரூ முழுசாக இறுகாமல், எட்டில் ஒரு அங்குலத்துக்கும் குறைவாகத் தலை தூக்கி நின்றதால் விமானம் ரேடாரில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. நாங்கள் ரிவெட் தலை மேல் நகத்தை இழுத்துப் பார்ப்போம். நகம் தட்டினால் அந்தப் பாகம் திரும்பிப் போகும். அதனால்தான் கதவுகளின் ஓரத்தைப் பாருங்கள், பேனல் இடைவெளியைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சக்கரக் கதவின் நேர் விளிம்பு ரம்பப்பல்லாக மாறியிருந்தால் பட்டியலில் அது பெரிய வரி. அந்தப் பற்கள் இறக்கை ஓரத்துக்கு இணையாக இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எதிரொலி எல்லாப் பக்கமும் சிதறாமல் ஓரிரு திசையில் மட்டும் போகவே அந்த இணைக்கோடுகள்.

சில ஜோடிகளில் உருவமே மாறிவிடும். அமெரிக்காவின் ஆளில்லா விமானம் எக்ஸ்-47ஏ 2003 பிப்ரவரியில் பறந்தபோது நாம் விடும் பட்டம் மாதிரி, இறக்கை நுனியிலிருந்து நுனி வரை சுமார் 8.5 மீட்டர். எக்ஸ்-47பி 2011 பிப்ரவரியில் வந்தபோது அந்தப் பட்டத்தின் இரு பக்கமும் இறக்கை முளைத்து 18.9 மீட்டர் ஆகியிருந்தது. சின்ன பிசினஸ் ஜெட் வகை எஞ்சின் போய் எஃப்-16 போர்விமானக் குடும்பத்து எஞ்சின் வந்தது. இங்கே கேட்டவர்கள் கடற்படைக்காரர்கள். கப்பலில் இறங்க மெதுவாகப் பறக்க வேண்டும், நெடுநேரம் வானில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நீண்ட இறக்கை வேண்டும். நீண்டது தளத்தில் இடத்தை அடைக்கும் என்பதால் மடிப்பும் வந்தது, மடித்தால் சுமார் 9.4 மீட்டர். 2013 ஜூலை 10-ல் அது ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கப்பலில் இறங்கியது.

படத்தில் தெரியாத மாற்றத்துக்கும் ஒரு பக்கம் காலியாக விடுங்கள். நம் சி.வி. ராமன் நகரில் இருக்கும் ஏ.டி.இ. என்ற டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் உருவாக்கிய, உடலே இறக்கையாக இருக்கும் 'பறக்கும் இறக்கை' விமானம் 2022 ஜூலை 1-ல் சித்ரதுர்காவில் முதலில் பறந்தது. இரண்டு புரோட்டோடைப்களை வைத்து, வெவ்வேறு அமைப்புகளில் மேலும் ஆறு முறை பறக்கவிட்டார்கள். 2023 டிசம்பரில் வால் இல்லாத அமைப்பில் பறந்து தானாகவே இறங்கியதை டி.ஆர்.டி.ஓ. அறிவித்தது. பட்டத்துக்கு வால் கட்டாமல் விட்டால் குட்டிக்கரணம் அடிக்கும், சின்ன வயதில் எல்லாரும் பார்த்ததுதான். விமானத்தில் வாலின் வேலையை இறக்கை ஓரத் தகடுகளும் கம்ப்யூட்டரும் நொடிக்கு நொடி செய்ய வேண்டும். போட்டோவில் ஒரு கோடுகூட மாறாமல், அந்த மென்பொருளில் மாதக்கணக்கான உழைப்பு போயிருக்கலாம். சித்ரதுர்கா செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

நான்காவது பத்தியைப் பென்சிலில் எழுதுங்கள். காரணம் புரியாத வரியைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். புதிய படம் வரும்போது அழித்து எழுதலாம். அண்ணன் மகன் நோட்டில் ஒகோட்னிக்குக்கு 11 வரி வந்தது, அதில் நான்கு இன்னும் காலி. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அமெரிக்காவின் இன்னொரு ஆளில்லா ஜோடி, எக்ஸ்-45ஏ-யையும், 2011 ஏப்ரலில் பறந்த ஃபேன்டம் ரேயையும் கொடுத்திருக்கிறேன். பட்டர் பேப்பர் வாங்க அல்சூருக்குப் போயிருக்கிறான்.