ஹேண்டிலை ஒடித்தால் பவர் போனது

கால் ஊன்றாமல் பாறைகள் மேல் ஓட்டும் ட்ரையல்ஸ் போட்டிக்கான என் எலக்ட்ரிக் பைக்கில் ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் மட்டும் பவர் சட்டென்று போகும். பாறை மேல் அப்படி ஆனால் கால் ஊன்றியே ஆக வேண்டும். போட்டியில் அதற்கு 1 புள்ளி அபராதம். பேட்டரியைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீண்.

அப்புறம் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தேன். 0.8 வோல்ட் காட்டியது, ஹேண்டிலை ஒடித்ததும் பூஜ்யம். இந்த சிக்னல் அறுந்தால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும். நல்ல பாதுகாப்புதான்.

ஸ்டியரிங் கழுத்தருகே கேபிள் டை இறுக்கிய இடத்தில் மேலுறை முழுசாகவே இருந்தது. விரலால் மடக்கியபோதுதான் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருப்பது தெரிந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, புது ஒயர் பற்றவைத்து, தளர்வாகக் கட்டினேன். பற்றவைத்த இடம் மட்டும் மடிப்பில் வரவே கூடாது, அங்கேதான் மறுபடி ஒடியும்.