டைகர் மோத் கிட்: இறக்கையை ஒட்டும் முன் போட வேண்டிய துளைகள்

இரட்டை இறக்கை விமானத்தின் பிளாஸ்டிக் மாடலைப் பலரும் பாதியில் பெட்டிக்குள் போட்டு மூடுவது, இறக்கைகளுக்கிடையே நூலால் கம்பி கட்டும் கட்டத்தில்தான். மேல் இறக்கையை ஒட்டிவிட்டுத் துளை போட உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? டிரில் உள்ளே நுழையாது, நுழைந்தாலும் ஸ்ட்ரட் (இரு இறக்கைகளுக்கும் இடையே நிற்கும் தாங்குகால்) ஒடியும்.

முதல் கிட்டுக்கு டைகர் மோத் தோது. 1931-ல் முதலில் பறந்த பயிற்சி விமானம். நம் விமானப்படையும் பயிற்சிக்கு ஓட்டியது. பக்கத்துக்கு ஒரு ஜோடி ஸ்ட்ரட்தான். 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) இறக்கை நுனிக்கு நுனி 12.4 செ.மீ., 1/48-ல் 18.6 செ.மீ. பெரியதையே வாங்குங்கள்.

பாகங்களை, அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் 1 மி.மீ. விட்டு நறுக்கி, மீதியை 400 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். பிறகு 0.3 மி.மீ. பிட்டால் கைடிரில்லில் துளைகள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முனை மறுபுறம் வராத 1 மி.மீ. ஆழக் குருட்டுத் துளை, மறுமுனை இறக்கையைத் துளைத்து வெளியே வர வேண்டும். கம்பி போகும் சாய்விலேயே துளையும் சாயட்டும். நேராகப் போட்டால் நூல் விளிம்பில் மடங்கி நிற்கும்.

இரண்டு இறக்கைக்கும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்து முடியுங்கள். தருமபுரி ஏப்ரலில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்து திரியும். காலை எட்டுக்குள் அடிப்பது உத்தமம். ஒட்டும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பிடிக்கும், பெயின்ட்டை அல்ல.

முதலில் உடலையும் மேல் இறக்கையையும் இணைக்கும் நடு ஸ்ட்ரட்களை ஒட்டுங்கள். தெர்மாகோலில் தாங்கல் வெட்டி, அதில் இறக்கையை உட்கார வைத்து இரவு முழுக்க விடுங்கள். டைகர் மோத்தின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்ததுதான். முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வழிவிட்டு நடு ஸ்ட்ரட்டுகளை முன்னே தள்ளியதால் வந்த சாய்வு அது. கோணல் என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள்.

நூலுக்கு 0.1 மி.மீ. நைலான். 1/48-ல் அது 4.8 மி.மீ. கம்பிக்குச் சமம். ஆற்றுமீனுக்கு விற்கும் 0.3 மி.மீ. தூண்டில் நரம்பைக் கட்டினால் தண்ணீர்க் குழாய் மாதிரி தெரியும்.

தரையில் நிற்கும்போது இறக்கைப் பாரத்தைத் தாங்கும் கம்பி, நடுவில் மேலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் அடிக்கு இறங்கும். அதன் மேல்முனையைக் குருட்டுத் துளையில் சூப்பர் க்ளூவால் நிறுத்தி, கீழ் இறக்கை வழியாக வெளியே இழுத்து, நுனியில் துணி கிளிப்பைத் தொங்கவிடுங்கள். பறக்கும்போது தாங்கும் கம்பி அடியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் தலைக்கு ஏறுவது. அதற்கு மாடலைத் தலைகீழாகப் பிடித்தால் கிளிப் சரியாகத் தொங்கும். இடம், வலம் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும். வறண்ட வெயிலில் தாமதமாகும். பொறுமையில்லாமல் இன்னொரு சொட்டு விட்டால் வெள்ளை பூக்கும்.

தொய்ந்த நூலுக்கு ஊதுபத்தி. கனலை ஒரு செ.மீ. தள்ளி நூலோரமாக ஓட்டினால் சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும்.

துளை வாயைப் புட்டியால் அடைத்துப் பெயின்ட் தொட்டுவிட்டு, கடைசியில் கண்ணாடி மறைப்பை ஒட்டுங்கள், அதுவும் வெள்ளைப் பசையால். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் அது பனிமூட்டம் போலாகிவிடும். முடிந்த மாடலை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். மேல் இறக்கை தொங்கிப் போகும்.