'பிகின்' என்ற ஆங்கில வினையைப் பிழையின்றிக் கையாளுவது எப்படி?

தொடங்குதலைக் குறிக்கும் 'பிகின்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருள் தமிழ் மாணவர் எவருக்கும் புதிதன்று. பிழை நேர்வதெல்லாம் அச்சொல்லின் மூன்று வடிவங்களிலும், அதற்கு முன்னும் பின்னும் வரும் சிறு சொற்களிலும்தான். அந்தப் பிழைகளில் பல, நம்முடைய 'தொடங்கு' என்ற வினை நடந்துகொள்ளும் முறையை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோவதால் நேர்பவை.

முதலில் வடிவங்களைப் பார்ப்போம். நிகழ்காலத்தில் 'பிகின்', இறந்தகாலத்தில் 'பிகேன்', துணைவினையைச் சார்ந்து வரும்போது 'பிகன்'. 'சிங், சேங், சங்' என்றும் 'டிரிங்க், டிரேங்க், டிரங்க்' என்றும் நடுவிலுள்ள உயிரொலியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வினைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றில் ஒன்று முன்னால் நின்றால் 'பிகன்' வர வேண்டும். துணைவினை இல்லாமல் தனித்து நின்றால் 'பிகேன்' வர வேண்டும். ஆகவே 'த மேட்ச் ஹேஸ் பிகன்' என்பது சரி, 'த மேட்ச் ஹேஸ் பிகேன்' என்பது தவறு. வினா வாக்கியத்தில் நேரும் பிழை இதைவிடப் பரவலானது. 'வென் டிட் த மேட்ச் பிகேன்?' என்று கேட்பவர், இறந்தகாலத்தை 'டிட்' என்ற சொல் ஏற்கெனவே சுமந்துகொண்டதைக் கவனிப்பதில்லை. அங்கே வெறும் 'பிகின்' போதும். எழுதும்போது, 'பிகினிங்' என்பதில் 'என்' என்ற எழுத்து நடுவில் இரண்டு முறை வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'பிகின்' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதே இதற்குக் காரணம். அழுத்தம் முதல் அசையில் விழும் 'ஓப்பன்' என்ற சொல், 'ஓப்பனிங்' ஆகும்போது அந்த எழுத்தை இரட்டிப்பதில்லை.

அடுத்து, 'பிகின்' என்பதன் பின்னால் இன்னொரு வினை வருவது எப்படி? 'மழை பெய்யத் தொடங்கியது' என்பதில் 'பெய்ய' என்ற எச்சம் நிற்கும் இடத்தில் ஆங்கிலம் 'டு ரெய்ன்' என்றோ 'ரெய்னிங்' என்றோ வைத்துக்கொள்ளும். 'இட் பிகேன் டு ரெய்ன்', 'இட் பிகேன் ரெய்னிங்' ஆகிய இரண்டும் சரியானவை. ஆனால் 'பிகினிங்' என்ற வடிவத்தின் பின்னால் மற்றோர் 'இங்' வந்தால் காதுக்கு உறுத்தும் என்பதால், 'இட் இஸ் பிகினிங் டு ரெய்ன்' என்றே எழுத வேண்டும். புரிதல், அறிதல் போன்ற மனநிலையைச் சொல்லும் வினைகளுக்கும் 'டு' பொருந்தும். 'ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்' என்பதே இயல்பான வழக்கு. ஐயம் வந்தால் 'டு' போட்டு எழுதுங்கள். அது பிழையாகப் போவது அரிது.

தமிழ் வழக்கு நேரடியாகக் குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. 'திங்கட்கிழமை முதல் வகுப்புகள் தொடங்கும்' என்று நாம் எழுதுவதை, 'கிளாசஸ் வில் பிகின் ஃப்ரம் மண்டே' என்று மாற்றிவிடுகிறோம். நம் ஊர்ச் சுற்றறிக்கைகளிலும் கடைத் தள்ளுபடி விளம்பரங்களிலும் இது தாராளமாகக் காணப்படுகிறது. தொடக்கம் ஒரு கணத்தில் நிகழ்வது. ஆகவே ஆங்கிலம் அதை ஒரு புள்ளியாகக் கொண்டு 'ஆன் மண்டே', 'அட் நைன்', 'இன் ஜூன்' என்கிறது. 'ஃப்ரம்' தேவைப்படுவது, 'வகுப்புகள் திங்கள் முதல் நடைபெறும்' என்பதுபோல் நீண்டு செல்லும் செயலைச் சொல்லும்போதுதான்.

செயப்பாட்டு வினையிலும் இதே கவனம் வேண்டும். 'பிகின்' என்பது 'தொடங்கு' என்பதைப் போலவே தானாக நிகழ்வதையும் ஒருவர் செய்வதையும் குறிக்கும். 'கூட்டம் தொடங்கப்பட்டது' என்று எழுதிப் பழகிய கை 'த மீட்டிங் வாஸ் பிகன்' என்று எழுதிவிடும். 'த மீட்டிங் பிகேன்' என்றாலே போதும். ஒருவர் திட்டமிட்டுத் தொடங்கிவைத்த பணியைச் சொல்லும்போது செயப்பாட்டு வடிவம் பொருந்தும்: மேட்டூர் அணையின் கட்டுமானம் 'வாஸ் பிகன் இன் 1925' என்று எழுதலாம்.

'பிகின்' வரும் இடங்களில் பெரும்பாலும் 'ஸ்டார்ட்' என்பதையும் இடலாம். மறுதலையாக எல்லா இடங்களிலும் இட முடியாது. எந்திரத்தை இயக்குவதற்கு 'ஸ்டார்ட்' மட்டுமே உரியது. 'பிகின் த கார்' என்று எவரும் சொல்வதில்லை. வீட்டிலிருந்து புறப்படுவதற்கும் 'பிகின்' ஆகாது. திடுக்கிட்டு உடல் துள்ளுவதையும் 'ஸ்டார்ட்' குறிக்கும். துள்ளுதல் அச்சொல்லின் பழம்பொருளோடு சேர்ந்தது, 'ஸ்டார்ட்டில்' என்ற சொல்லும் அதற்கு உறவே. 'பிகின்' சற்று அமைதியான, எழுத்துநடைக்கு ஏற்ற சொல். ஒருவர் பேசத் தொடங்கினார் என்பதை 'ஹீ பிகேன்' என்று மட்டும் எழுதி முடிப்பது கதைகளில் வழக்கம். 'கமென்ஸ்' என்பதை ஒப்பந்தங்களுக்கும் அழைப்பிதழ்களுக்கும் விட்டுவிடலாம். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அது மிடுக்காகத் தெரியும்.

முதலில் எதைச் செய்கிறோம் என்று சொல்ல இரண்டு வழிகள் உள்ளன. செயலானால் 'பை' வரும். 'ஷீ பிகேன் பை தேங்கிங் த டீச்சர்ஸ்' என்பது, ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லித் தொடங்கினார் என்று பொருள்படும். பொருளோ நிகழ்ச்சியோ ஆனால் 'வித்' வரும். 'பிகேன் வித் எ சாங்' என்பது பாட்டோடு தொடங்கியதைக் குறிக்கும். இந்த 'வித்' சேர்ந்த 'டு பிகின் வித்' என்ற தொடர் வாதத்தின் முதற்காரணத்தை முன்வைக்க உதவும். 'ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறிவிட்டது' என்னும் பொருளிலும் அதே தொடர் வரும். எது என்பதைச் சூழலே காட்டும். 'ஐ காண்ட் பிகின் டு எக்ஸ்ப்ளெய்ன்' என்பதை 'விளக்கத் தொடங்க முடியாது' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும். 'என்னால் சற்றும் விளக்க இயலாது' என்பதே அதன் கருத்து.

இவற்றிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்களையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. புதிதாகக் கற்பவர் 'பிகினர்'. 'ஸ்டார்ட்டர்' என்பது டியூப்லைட்டில் மாட்டுவதும் உணவகத்தில் சாப்பாட்டுக்கு முன் வருவதும் ஆகும்.