நோட்டரி முத்திரையை நம்பிக் கடை திறக்காதீர்கள்

படிக்காமல் கையெழுத்துப் போடாதே, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியும் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களும், வேலை மாறுகிறவர்களும், விவாகரத்து கேட்கிறவர்களும், அவர்களுக்கு அக்ரிமென்ட் தயாரித்துக் கொடுக்கும் இளம் வக்கீல்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவைதான்.

ஒன்பது வருட ஒப்பந்தம், பதிவு இல்லை

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஓட்டல் வைத்த ஒரு கட்சிக்காரர் ஒன்பது வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தார். வாடகை எப்போது எவ்வளவு ஏறும், இடையில் காலி செய்யச் சொல்லக் கூடாது, எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஸ்டாம்ப் பேப்பர், சாட்சிகள், நோட்டரி முத்திரை எல்லாம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் போகவில்லை. முத்திரைத் தீர்வை மிச்சமாகுமாம்! சமையலறைக்கும் ஏசிக்கும் பணத்தைக் கொட்டி, வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் உரிமையாளரின் மகன் வந்தார். வாடகையைக் கூட்டிக் கொடு, இல்லையென்றால் காலி செய் என்றார்.

“அதான் ஒன்பது வருஷம்னு எழுதியிருக்கே சார்?”

எழுதியிருக்கிறது, செல்லாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்த ஆவணத்தால்தான் உருவாகும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 107. பதிவாகாத ஆவணத்தை வைத்து, அவர் அங்கே வாடகைதாரராக இருக்கிறார் என்று காட்டலாம். ஒன்பது வருடம் இருக்க உரிமை உண்டு என்று காட்ட முடியாது, பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். மிஞ்சுவது மாத வாடகை உறவு. அதை முடிக்க சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு கேட்பது 15 நாள் நோட்டீஸ். கையெழுத்துப் போட்டது இன்னார்தான் என்பதற்கு நோட்டரி சாட்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கட்சிக்காரர் கடைசியில் கேட்ட வாடகைக்கே சம்மதித்தார்.

சரி, பதிவே வேண்டாமென்று 11 மாதமாகப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் அந்தத் தந்திரம் முழுசாகக் காப்பாற்றாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, 11 மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். கடைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். பதினொன்று பதினொன்றாகப் போட்டால் அடுத்த தவணைக்கு உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்பது வேறு. பணத்தைக் கொட்டப்போகிற இடத்துக்கு அது ஒரு பாதுகாப்பா?

அப்புறம், சாவி. நீங்கள் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ள, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் இடம் உங்கள் கையில் இருக்கும்வரைதான். கோபத்தில் சாவியை வீசிவிட்டு வந்தால் அதுவும் போச்சு.

வில்லங்கச் சான்று பார்க்காமல் அட்வான்ஸ்

சொத்தின் மேல் அடமானம் போன்ற பதிவுகள் உண்டா என்று காட்டும் சான்று அது. பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

“போட்டி நிறுவனத்தில் சேர மாட்டேன்”

வேலை ஒப்பந்தத்தில் வரும் இந்த வரி வேலையை விட்ட பிறகும் கட்டுப்படுத்தும் என்று பயந்து நல்ல வாய்ப்பைக் கைவிடுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு முன் அது பொதுவாக நிற்காது. அந்தத் தைரியத்தில் பயிற்சி பாண்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்ற பாண்டை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. நிறுவனத்தின் ரகசியங்களை எடுத்துப்போவதும் தனி வழக்கு.

அசல் சான்றிதழை நிறுவனத்திடம் கொடுப்பது

வேண்டாம். நகல் போதும்.

பத்திரத்தில் எழுதிய விவாகரத்து

இங்கேயும் அதே நோட்டரி முத்திரை! இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள், நிரூபிக்கக்கூடிய சமூக வழக்கம் இருந்தாலொழிய, நீதிமன்றம் போயாக வேண்டும். பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம் ஆகலாம், ஏழு ஆண்டு வரை சிறை.

பரஸ்பர சம்மத மனுவிலும் ஒரு குழி உண்டு. முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே சட்டம் ஆறு மாதம் வைக்கிறது. தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை யாரும் திரும்பப் பெறலாம். பேசி முடித்த ஜீவனாம்சத் தொகை முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிட்டு வந்து அழுகிறார்கள். தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணையின் டிடி இரண்டாம் கட்ட வாக்குமூலம் கொடுக்கும் நாளில் நீதிமன்றத்திலேயே கைமாறட்டும், அது நீதிமன்றப் பதிவிலும் ஏறட்டும்.