கருவா, பாப்பாவா: சேலத்தில் கருக்கலைப்பு பற்றிப் பேச வைப்பது எப்படி

கல்லூரியோ மகளிர் குழுவோ, இந்தப் பேச்சுக்குப் பட்டிமன்றம் ஆகாது. கைதட்டலுக்குத்தான் பேசுவார்கள். பதினைந்து பேரை வட்டமாக உட்கார வையுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும்.

முதலில் சொல்லைப் பிடியுங்கள். ஆசைப்பட்ட கர்ப்பம் என்றால் இரண்டாம் மாதத்திலேயே 'பாப்பா'. வேண்டாததென்றால் நான்காம் மாதத்திலும் 'கரு'. வயிற்றில் இருப்பது ஒன்றுதானே, மாறியது எது என்று கேளுங்கள்.

பிறகு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, பென்சில். கர்ப்பத்தின் 40 வாரத்துக்கு ஒரு கோடு. அதில் வாரங்களைக் குறியுங்கள்: ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிவது சுமார் 6, தலைப்பிள்ளையின் அசைவு தாய்க்குத் தெரிவது 18 முதல் 20, வெளியே பிழைக்கும் வாய்ப்பு 24-ஐ ஒட்டி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் பிசகும். எங்கிருந்து அது 'ஓர் உயிர்' என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 24-இல் வைத்தவரிடம் கேளுங்கள்: பிழைப்பது இன்குபேட்டரைப் பொறுத்தது என்றால், ஏற்காட்டு மலைக்கிராமத்துக் கருவுக்கு ஒரு மதிப்பு, சேலம் டவுன் கருவுக்கு வேறொன்றா? பெரும்பாலும் அழிரப்பர் தேடுவார்கள்.

புள்ளி எங்கே விழுந்தாலும் அடுத்த கேள்வி தனி: அது முழு மனித உயிரே என்றாலும், தன் உடலைத் தர ஒரு பெண்ணை வற்புறுத்தலாமா? கூடாது என்று 1971-இல் வாதிட்டவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். கொலை தவறாவது எதிர்காலத்தைப் பறிப்பதால்தான், கருவுக்கும் எதிர்காலம் உண்டு என்றார் இன்னொரு தத்துவ அறிஞர் டான் மார்க்விஸ், 1989-இல். இரண்டு கேள்விகளையும் கலந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி வரும்.

சேலத்தில் இன்னொரு சிக்கல். பெண்சிசுக் கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்கச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கிய மாவட்டம் இது. யாராவது பெண்சிசுக் கொலையை எடுத்தே தீருவார்கள். தடுக்காதீர்கள், பிரித்துக் காட்டுங்கள். கருவுக்கு உரிமையே இல்லை என்பவரும் 'பெண் என்பதால் வேண்டாம்' என்பதை எதிர்க்கலாம்.

ஸ்கேன் சென்டரில் 'பாலினம் அறிவது குற்றம்' என்ற பலகையைப் பார்த்து, கலைப்பதே குற்றம் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுங்கள்: 1971 கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தப்படி, சட்டம் சொல்லும் காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புதல், 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இருவர், அதற்கு மேல் கருவில் கடும் குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால். 18 நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணுக்குத் தன் சம்மதமே போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை.

'யாருக்காவது நடந்திருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். வட்டத்தில் ஒருத்தி இருப்பாள். சீட்டுகளைப் பெயரில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.