கொழும்பு வெக்கையில் மரக் கயாக்கிற்கு பைபர்கிளாஸ் துணி போர்த்தும் முறை

பிளைவுட்டிலோ மெல்லிய பலகைகளிலோ கயாக்கின் உடலைக் கட்டி, மூட்டுகளை நிரப்பி, 80 இலக்கச் சாண்ட் பேப்பரால் தேய்த்து வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணி போர்த்துவது பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கொட்டகைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்குள்ள வெப்பமும் ஈரப்பதனும் வேலையின் நேர ஒழுங்கையே மாற்றிவிடும்.

துணியைத் தெரிவு செய்தல்

கடையில் வெறுமனே "பைபர்" என்று கேட்டால், துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பான மேட்தான் கைக்கு வரும். மீன்பிடி வள்ளங்களுக்குப் பொலியெஸ்டர் ரெசினுடன் பயன்படுவது அதுவே. மேட்டின் துண்டு இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் சேர்க்கப்படுவது. நாம் பூசப்போகும் எபொக்சி ரெசினில் ஸ்டைரீன் இல்லாததால், மேட் இளகாமல் விறைத்து நிற்பதோடு தேவைக்கு மேல் ரெசினையும் குடித்துவிடும். ஆகவே நெய்த துணி என்று அழுத்திக் கேளுங்கள். ஈ-கிளாஸ் வகை, சாதாரண நெசவு, 6 அவுன்ஸ், அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம்: வெளிப்புறத்திற்கு இந்த ஒரு படை போதும். உட்புறத்திற்கும் மேல்தளத்திற்கும் 4 அவுன்ஸ் துணியே என் விருப்பம். பொல்கொட ஏரியிலும் தியவன்னாவிலும் ஓட்டப்போகும் படகிற்கு இதற்கு மேல் ஏற்றுவது வீண் பாரம். கித்துல்கல போன்ற கற்கள் நிறைந்த ஆற்றுக்குக் கொண்டுபோவதாயின், அடிப்பாகத்தின் நடுக்கோட்டில் மட்டும் இன்னொரு பட்டி வையுங்கள். எஸ்-கிளாஸ் என்ற இன்னொரு துணி வகை வலிமை கூடியதுதான். ஆனால் முதற்படகிற்கு அந்தச் செலவு தேவையில்லை.

துணியை மடித்து வாங்காதீர்கள். மடிப்புக் கோடு ரெசினுக்கு அடியிலும் தெரியும். கடதாசிக் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள்.

எபொக்சியும் அளவும்

ரெசினை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்ட்னரில், கிடைப்பவற்றுள் மிக மெதுவாக இறுக்குவதையே வாங்குங்கள். வெப்பநிலை 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால், போத்தலில் எழுதியுள்ள நேரத்தை நம்பி வேலையைத் திட்டமிட முடியாது. ஒரு தடவைக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர் வரை மட்டும் கலந்து, உடனே அகன்ற தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான கோப்பையில் விட்டால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். பொலியெஸ்டரில் பழகியவர்கள் ஹார்ட்னரைச் சற்றுக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவார்கள். எபொக்சியில் அந்த வித்தை பலிக்காது: விகிதம் பிசகினால் அது ஒருபோதும் முழுமையாக இறுகாது. லேபலில் உள்ள விகிதம் கொள்ளளவிலா நிறையிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டும் ஒன்றல்ல.

துணி போர்த்துதல்

படகைக் கவிழ்த்து வைத்து, கூரான விளிம்புகளை எல்லாம் விரல் நுனியளவு வளைவாக உருட்டித் தேயுங்கள். கூர் விளிம்பில் துணி படியாமல் எழும்பி நிற்கும். துணியை விரித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி உலர்ந்த தூரிகையால் நீவிவிட்டால் சுருக்கங்கள் தாமாகவே நழுவிப் போகும். முனைகளில் கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் படிய வையுங்கள்.

தொடங்கும் நேரம்தான் இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலையில் தொடங்கினால் மரம் சூடேறச் சூடேற அதனுள்ளிருக்கும் காற்று விரிந்து, இறுகும் ரெசினுக்குள் குமிழிகளாகக் கிளம்பும். வெப்பம் இறங்கும் வேளையில் பூசினால் மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், மாலையில் தொடங்கும்படி கையேடுகள் சொல்லும். கொழும்பில் மாலை சாய்ந்தால் ஈரப்பதன் ஏறிவிடும். அப்போது ரெசினின் மேல் மெழுகுபோன்ற ஒரு படலம் படியும். பிற்பகல் 3 மணியளவில், நிழலில், மழை அறிகுறி இல்லாத நாளில் தொடங்குவதே இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. சனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் இதற்கு வாய்ப்பானவை.

ரெசினை நடுவில் ஊற்றி, பிளாஸ்டிக் தகட்டால் வெளிநோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். உருளையை விடத் தகடே சிறந்தது. உருளை காற்றையும் சேர்த்து அடிக்கும். துணியின் வெண்மை மறைந்து மரத்தின் நிறம் தெளியும் கணத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் புள்ளி மிஞ்சினால் அங்கு ரெசின் போதவில்லை. பளபளப்பாகத் தேங்கி நின்றால் துணி மிதக்கிறது, தகட்டைச் சாய்த்து வழித்தெடுங்கள். நெசவின் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும்படி, மினுக்கமற்று இருப்பதே சரியான நிலை.

தோல்போல இறுகிய பதத்தில் ஓரங்களைக் கத்தியால் வெட்டிவிடலாம். காலை வரை விட்டால் அரிவாளே வேண்டும். கையுறையிட்ட விரலை வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் ரெசின் விரலோடு வரக்கூடாது: அந்தப் பதத்திலேயே அடுத்த பூச்சைக் கொடுத்தால் தேய்க்கத் தேவையில்லை, இரண்டும் ஒன்றாகப் பிணையும். நெசவு நிரம்ப இரண்டு மூன்று பூச்சுகள் பிடிக்கும். இவற்றுக்கு மட்டும் நுரை உருளை நல்லது.

மெழுகுப் படலம்

இரவு தாண்டிவிட்டால், மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். வழுக்கலாக, சவர்க்காரம் காய்ந்தது போல இருந்தால் அதுதான் படலம். இதைத் தின்னரால் துடைக்க வேண்டாம்; தண்ணீரில்தான் கரையும். தண்ணீரும் ஸ்கொட்ச்-பிரைட்டும் கொண்டு தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி உலரவிட்டு, அதன் பின்னரே சாண்ட் பேப்பரை எடுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் பரப்பெங்கும் ஈஷிக்கொள்ளும், அதன்மேல் எந்தப் பூச்சும் நிலைக்காது. தேய்க்கும்போது இழைகள் வெளிப்படத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். தூசு முகமூடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பின்னர் போவது கடினம்.

பின்னர் சேர்த்தது: எபொக்சியே பளபளக்கும்போது வார்னிஷ் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். எபொக்சியை வெயிலின் புற ஊதாக் கதிர் மஞ்சளாக்கி, மெல்ல மெல்லச் சுண்ணமாக உதிரச் செய்துவிடும். புற ஊதாத் தடுப்பு உள்ள வார்னிஷ் மூன்று பூச்சாவது வேண்டும். எபொக்சி நன்கு இறுக ஒரு கிழமையாவது விட்டு, மீண்டும் ஒருமுறை கழுவி, இலேசாகத் தேய்த்த பிறகு பூசுங்கள்.