டிப்ரஷன் மாத்திரை போடறீங்க, நைட் பார்ட்டி வேற இருக்கு, என்ன பண்றது?

"இன்னிக்கு ஒரு நாள் மாத்திரைய ஸ்கிப் பண்ணிட்டு சரக்கு அடிச்சுக்கலாம்", இதுதான் எல்லாருக்கும் முதல்ல வர்ற ஐடியா, நானும் மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல பண்ணியிருக்கேன். சுத்த வேஸ்ட்ங்க. எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின் எல்லாம் ரத்தத்துல பாதியா குறையவே ஒரு நாள் ஆயிடும், ஃப்ளூவாக்ஸிடின்னா வாரக்கணக்குல உள்ளயே உக்காந்திருக்கும். ஒரு வேளை விட்டா மருந்து போயிடாது. பாராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் மாதிரி சிலது சீக்கிரம் இறங்கும், ஆனா அதை விட்டா மறுநாளே தலைசுத்தல், எரிச்சல், மண்டைக்குள்ள சுரீர்னு கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு ஃபீலிங், நீங்க ஹேங்கோவர்னு நினைச்சுட்டு படுத்திருப்பீங்க. ஸ்கிப் பண்றதுன்னா சரக்கைத்தான் ஸ்கிப் பண்ணணும்.

சரி, இப்ப ஸ்ட்ரிப்பை எடுத்து பின்னாடி இருக்கற பொடி எழுத்தை படிங்க. முதல்ல தேட வேண்டியது குளோனாசெபாம், பதட்டத்தைக் குறைச்சு தூக்கம் வர வைக்கிற மருந்து. நம்ம ஊர்ல எஸ்சிட்டாலோப்ராமோட இதையும் சேத்து ஒரே மாத்திரையா நிறைய எழுதிக் கொடுக்கறாங்க, போடறவங்களுக்கே உள்ள ரெண்டு மருந்து இருக்குன்னு தெரியறதில்ல. அது இருந்தா ஒரு கட்டிங் கூட வேணாம், அதுவும் சரக்கும் சேந்து மூளைய அமுக்கி மூச்சையே மந்தமாக்கிடும், தூக்கத்துலயே உயிர் போக வாய்ப்பிருக்கு. நேத்து நைட் போட்டது இன்னிக்கும் உடம்புல இருக்கும், அதனால "காலைல குடிச்சா பரவால்லயா"ன்ற கேள்விக்கே இடமில்ல.

அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின்னா தூக்கம் டபுளா அடிக்கும், வண்டி சாவிய தொடவே கூடாது. பியூப்ரோபியான்னா வலிப்பு வர்ற சான்ஸ் கூடும். டுலாக்ஸிடின்னா லிவருக்கு ஆபத்து. செர்ட்ராலின் வகையறாவோட குடிச்சுட்டு தலைவலிக்குதுன்னு மேல ஒரு ஐபுப்ரோஃபென் வேற போட்டா வயித்துல ரத்தக்கசிவு வரலாம்.

"பாஸ், நான் கொஞ்சம்தான் குடிப்பேன்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி, அதுல 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது கிட்டத்தட்ட 60 கிராம். 10 கிராமை ஒரு டிரிங்க்னு வெச்சா, நம்ம "கொஞ்சம்" ஆறு டிரிங்க்! 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னா, அதுவே நாலு. டாக்டர் எப்பவாவது "லைட்டா பரவால்ல"ன்னு சொன்னா அவர் மனசுல இருக்கறது ஒரு டிரிங்க், குவார்ட்டர் இல்ல.

அதனால அவர்கிட்ட அளவை அப்படியே சொல்லுங்க, "எப்பவாவது சார்"னு மழுப்பாம வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர்னு. திட்டுவாரோன்னு பயமா இருக்கும், ஆனா இது தெரியாம அவர் டோஸை ஏத்திட்டே போவாரு, குடி அந்தப் பக்கம் மனசை இறக்கிட்டே போகும், மாத்திரை வேலையே செய்யலன்னு நீங்க புலம்பிட்டு இருப்பீங்க. மாத்திரை பிடிக்கவே ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும், அந்த டைம்லயாவது குடிய சுத்தமா நிறுத்திப் பாருங்க. ஒரு விஷயம், தினமும் குடிக்கிற ஆளா இருந்தா இதைப் படிச்சுட்டு டக்குன்னு நிறுத்தாதீங்க, கை நடுக்கம், வலிப்பு, குழப்பம்னு உயிருக்கே ஆபத்தாயிடும், டாக்டர் மேற்பார்வைலதான் நிறுத்தணும். டாக்டரே இல்லன்னா டெலிமானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

பார்ட்டில என்ன சொல்றது? எல்லார்கிட்டயும் டிப்ரஷன் கதைய சொல்லணும்னு கட்டாயமில்ல. "ஆன்டிபயாடிக் கோர்ஸ் போயிட்டிருக்கு மச்சி", முடிஞ்சுது, ஒரு பய மறுபேச்சு பேச மாட்டான். கைல சோடாவோ கோக்கோ நிறைய ஊத்தி வெச்சுக்கங்க, காலி கிளாஸைப் பாத்தாதான் ஊத்த வருவாங்க. சைடு டிஷ்ஷை மட்டும் காலி பண்றானேன்னு முறைப்பாங்க, அது வேற.

யாராவது மாத்திரை மேல குடிச்சுட்டு எழுப்பினாலும் எழாம, குறட்டை மாதிரி விட்டு விட்டு மூச்சு வாங்கினா "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு விடாதீங்க, மோரு, எலுமிச்சை ஜூஸ்னு வாயில ஊத்தவும் வேணாம், மூச்சுக்குழாய்ல போயிடும். ஒருக்களிச்சு படுக்க வெச்சு 108க்கு அடிங்க, பக்கத்துலயே இருங்க. போகும்போது அவன் பாக்கெட்ல, பைல இருக்கற ஸ்ட்ரிப் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க, என்ன மாத்திரை, எவ்ளோ போட்டான்னு டியூட்டி டாக்டர் கண்டிப்பா கேப்பாரு.